மெட்ராஸுக்கு ஐந்து லைன்

திருப்பதி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கிருந்து மெட்ராஸுக்கு மொத்தம் ஐந்து லைன்கள் இருந்தன. ஒரே சமயத்தில் ஐந்து பேர் மெட்ராஸோடு பேசலாம். ஆறாவது ஆள் காத்திருக்க வேண்டும். சாதாரண நாட்களில் இது பெரிய கஷ்டமில்லை. அரிசி மண்டிக்காரர், லாட்ஜ் முதலாளி, பாத்திரக்கடை அண்ணன் தம்பிகள் என்று பேசுகிறவர்கள் எல்லோரும் எங்களுக்குக் குரலிலேயே தெரிந்தவர்கள். யார் எப்போது கேட்பார்கள், எவ்வளவு நேரம் இழுப்பார்கள் என்பதுகூடத் தெரியும். புரட்டாசி வந்தால்தான் ஊர் வேறாகிவிடும். பிரம்மோற்சவத்துக்கு வரும் கூட்டம் மலையேறி, சாமி பார்த்து, இறங்கி வந்ததும் முதலில் சாப்பாட்டைத் தேடும். அடுத்ததாக டெலிபோனைத் தேடும்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்; அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வேலைக்கு உத்தரவு வந்த அன்று திருப்பதி என்ற ஊர்ப்பெயரைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபையில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை ஊர் இருக்க உனக்கு அந்த ஊர்தானா கிடைத்தது என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். நைனாதான் அவருக்குப் பதில் சொன்னார்.

"அங்க போய் சாமி கும்பிடச் சொல்லலியேம்மா. சாமி கும்பிட்டு வர்றவங்களுக்கு போன் போட்டுக் குடுக்கச் சொல்லிக்கிறாங்க. நல்ல வேலதான்."

அந்த அம்மாவும் யோசித்துப் பார்த்து, நல்ல வேலைதான் என்று ஒப்புக்கொண்டார்.

எக்ஸ்சேஞ்சுக்குப் பின்தெருவில் இரண்டு தெலுங்குப் பெண்களோடு அறை எடுத்துத் தங்கினேன். மூவரும் ஆபரேட்டர்கள். சமையலில் தொடங்கும் வாக்கியம் தமிழாக இருந்தால் சண்டையில் முடியும்போது தெலுங்காக இருக்கும். சித்தூர்க்காரிக்கு அது புதிதில்லை.

வேலை எளிமையாகத்தான் தெரிந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பலகை. அதில் வரிசை வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளைக்கும் மேலே குட்டி விளக்கு. காதில் ஹெட்போன். யாராவது டிரங்க் கால் கேட்டால் ஒரு சீட்டில் எழுதிக்கொள்வோம். அதைத்தான் டிக்கெட் என்போம். லைன் காலியானதும் கேட்டவரைக் கூப்பிட்டு, மறுமுனையைக் கூப்பிட்டு, இரண்டையும் ப்ளக்கால் இணைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்போம். மூன்று நிமிடம்தான் ஒரு கால். முடிந்தால் குறுக்கே புகுந்து சொல்ல வேண்டும். கூட்டம் இல்லாவிட்டால் இன்னொரு மூன்று நிமிடம் கொடுக்கலாம்.

லைன் என்றால் மெட்ராஸ் வரைக்கும் தனித்தனிக் கம்பி என்றுதான் நான் நினைத்திருந்தேன். கேரியர் ரூம் என்று பக்கத்தில் ஓர் அறை, எப்போதும் ரீங்காரம் போட்டுக்கொண்டிருக்கும். அங்கே வேலை செய்த டெக்னீஷியன் ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரே ஜோடிக் கம்பியில் மூன்று நான்கு பேச்சுகள் ஒன்றாகப் போகும் என்றும், ஒவ்வொன்றையும் வேறு வேறு உயரத்துக்கு ஏற்றி அனுப்பி அந்தப் பக்கம் பிரித்து இறக்குவார்கள் என்றும் தெலுங்கில் விளக்கினார். ஒவ்வொரு உயரத்துக்கும் ஒரு சேனல் என்று பெயர். புரிந்ததா என்று சந்தேகமாகப் பார்த்தார். எனக்கு உடனே புரிந்தது. எங்கள் சபைப் பாடகர் குழுவில் நான் ஆல்டோ, பெண்களில் கீழ்க்குரல். நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் நான்கு உயரத்தில் பாடும்போது, காது பழகியவருக்கு எந்தக் குரலையும் தனியாகப் பிரித்துக் கேட்க முடியும். இதைச் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். அப்படியென்றால் ஐந்தாவதாக ஒருத்தர் வந்து பாடினால் என்ன ஆகும் என்று கேட்டேன். எல்லாம் கெட்டுப் போகும், அதனால்தான் சேர்க்க முடியவில்லை என்றார்.

ஆக, லைன் கூடப்போவதில்லை. இருப்பதை வைத்துக்கொண்டு கூட்டத்தைச் சமாளிக்க வேண்டும். அதற்கு எங்களிடம் இருந்தது வரிசை மட்டும்தான். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தரம். அர்ஜென்ட் கேட்டவர் ஆர்டினரிக்கு முன்னால் போவார். லைட்னிங் வந்தால் எல்லோரையும் தாண்டிப் போகும். அது அபூர்வம். ஆனால் திருவிழாக் கூட்டத்தில் எல்லோருமே அர்ஜென்ட் கேட்பார்கள். எல்லோரும் அர்ஜென்ட் ஆன பிறகு அர்ஜென்ட் என்பது ஆர்டினரிக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான்.

இத்தனை நேரம் காத்திருந்து கிடைத்த மூன்று நிமிடத்தில் மக்கள் என்ன பேசுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? பாதிப் பேர் ஹலோ கேக்குதா, கேக்குது, உனக்குக் கேக்குதா என்பதிலேயே நேரத்தை முடித்துவிடுவார்கள். ஒருவர் லாட்ஜில் கொடுத்த ரசத்தைப் பற்றி முழுதாகப் பேசிவிட்டு, எதற்குக் கூப்பிட்டேன் என்பதே மறந்துபோய்விட்டது என்று எங்களிடம் வந்து வருத்தப்பட்டார். பிச்சாட்டூர்ப் பக்கத்து ஓர் அம்மா மெட்ராஸில் லாரி ஷெட்டில் வேலை செய்யும் தம்பியிடம், "துன்னியாடா, ஒயுங்கா துன்னுக்கினு இருக்கியா" என்று போட்ட சத்தத்துக்கு, கம்பி இல்லாமலேயே மெட்ராஸில் கேட்டிருக்கும் என்று எங்கள் சூபர்வைசர் சொன்னார். அந்த அம்மாளுக்கு மட்டும் அன்று கேட்காமலேயே இன்னொரு மூன்று நிமிடம் கொடுத்தோம்.

சூபர்வைசர் தெலுங்குக்காரர். நெற்றியில் பெரிய பொட்டு, மேசையில் எப்போதும் ஒரு டப்பாவில் சோம்பு. கோபப்படவே மாட்டார். கூட்டம் அதிகமானால் டப்பாவைத் திறப்பார். அதை வைத்தே அன்றைய நிலவரத்தை நாங்கள் தெரிந்துகொள்வோம்.

எனக்குக் கஷ்டம் கூட்டத்தால் வரவில்லை. மெட்ராஸால் வந்தது.

ஆபரேட்டர்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஊர்ப்பெயர்தான். நான் திருப்பதி, மறுமுனையில் இருப்பவர் மெட்ராஸ். அந்த ஐந்து லைனும் இரண்டு பக்கத்துக்கும் பொது. மெட்ராஸிலிருந்து திருப்பதிக்குப் பேச வேண்டியவர்களும் அதே ஐந்தில்தான் வர வேண்டும். ஒரு லைன் காலியானால் யார் முதலில் பிடிக்கிறாரோ அவருக்கு. மெட்ராஸ் பக்கம் பகல் ஷிப்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கனமான, அவசரப்படாத குரல். கை மட்டும் மின்னல். நான் ப்ளக்கை எடுப்பதற்குள் அவர் லைனைப் பிடித்திருப்பார்.

"திருப்பதி, அந்த மூணாவது லைன விடுங்க. ரொம்ப நேரமா காத்திருக்கேன்."

"நானும்தான் மெட்ராஸ் காத்துக்கினு இருக்கேன். எனக்கு இங்க கும்பலே நிக்குது."

"அப்ப காத்துக்கினு இருங்க" என்று என் பேச்சையே எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு லைனை எடுத்துக்கொண்டார்.

அன்று முழுக்க அதையே நினைத்துப் பொருமிக்கொண்டிருந்தேன். அறைத்தோழிகளிடம் அந்தப் பெண்ணை வர்ணித்தேன். பார்த்ததே இல்லை, ஆனாலும் வர்ணித்தேன். உயரமாக, பருமனாக, பெரிய கொண்டை போட்டு, கொண்டையில் பேனா சொருகியிருப்பாள் என்றேன். பேனா எதற்கு என்று கேட்டார்கள். அப்படித்தான் இருப்பாள், எனக்குத் தெரியும் என்றேன்.

நான் சேர்ந்த இரண்டாவது வருடத் திருவிழாவில், கருட சேவை அன்று, இந்தச் சண்டைக்கு ஒரு முடிவு வந்தது.

அன்று காலையிலிருந்தே தெருவில் கால் வைக்க இடமில்லை. அதோடு மழை. மழை வந்தால் கம்பி வழியில் எங்கேயாவது மரக்கிளை சாயும், இரைச்சல் ஏறும். பத்து மணிக்கே இரண்டு சேனல்கள் போய்விட்டன. கேரியர் ரூம் டெக்னீஷியன் எட்டிப் பார்த்து, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். மெட்ராஸுக்கு மூன்று லைன்தான். கீழே பொதுமக்கள் கால் புக் செய்யும் ஹாலில் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தது. சூபர்வைசர் சோம்பு டப்பாவைத் திறந்து வைத்து, மூடவே இல்லை. மூன்று நிமிடத்துக்கு மேல் யாருக்கும் கிடையாது, கூப்பிட்ட ஆள் அந்தப் பக்கம் இல்லையென்றால் தேடி வரச் சொல்லிக் காத்திருக்கக் கூடாது, லைனை அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று மூன்று பேருக்கும் சொல்லிவிட்டார்.

எனக்கு ஒரே ஒரு ஆறுதல். மெட்ராஸ் பக்கம் அன்று வேறு குரல். புதுப்பெண் போலிருந்தது. லைன் கேட்டால், "எடுத்துக்குங்க திருப்பதி" என்று உடனே விட்டுக்கொடுத்தார். வழக்கமாக இருப்பவர் லீவு என்றார். திருவிழா முடியும்வரை லீவாகவே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் கீழே கவுன்டரிலிருந்து வந்த டிக்கெட்டுகளில் ஒன்று மெட்ராஸுக்கு. அர்ஜென்ட். எழுதிக்கொண்டு வரிசையில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் திருமலையிலிருந்து ஒரு டிக்கெட். மலைக்கும் எங்களுக்கும் நடுவே தனி லைன்கள் உண்டு. அவை ஓரளவுக்குத் தாராளம். ஆனால் மலையிலிருந்து மெட்ராஸ் பேச வேண்டுமானால் எங்கள் வழியாகத்தான் போக வேண்டும், எங்கள் வரிசையில்தான் நிற்க வேண்டும். மலை ஆபரேட்டர் நம்பரைச் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதி முடித்ததும் இதை இப்போதுதானே எழுதினோம் என்று தோன்றியது. வரிசையைப் புரட்டினேன். கீழே கவுன்டரில் ஒருவர் கேட்ட அதே மெட்ராஸ் நம்பர்.

மலை ஆபரேட்டரிடம், அந்த ஆளைக் கொஞ்சம் லைனில் கொடுங்கள் என்றேன். பேசியவர் முப்பத்தைந்து நாற்பது வயது இருக்கும். குரலில் களைப்பு. மெட்ராஸில் யாரிடம் பேச வேண்டும், என்ன விஷயம் என்று கேட்டேன். காலையில் மலையில் மனைவியைக் கூட்டத்தில் தவறவிட்டுவிட்டதாகச் சொன்னார். யாராவது தவறினால் மெட்ராஸில் எதிர்வீட்டு வக்கீலுக்குப் போன் செய்து இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கிளம்பும்போதே பேசி வைத்திருந்தார்களாம். அந்தத் தெருவில் போன் இருந்த ஒரே வீடு அதுதானாம்.

மலையில் ஒருவர், மலையடிவாரத்தில் ஒருவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க, இல்லாத மெட்ராஸ் லைனுக்காகக் காத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சூபர்வைசரிடம் இரண்டு டிக்கெட்டையும் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, மெட்ராஸ் எதற்கு, இங்கேயே கொடு என்றார்.

மலைக்காரரை லைனில் இருக்கச் சொல்லிவிட்டு, கீழே ஹாலில் அந்த அம்மாவை டெலிபோன் பூத்துக்குள் கூப்பிடச் சொன்னேன். இரண்டையும் இணைத்தேன். வழக்கமாக, பேச்சு ஆரம்பித்ததும் நாங்கள் விலகிக்கொள்ள வேண்டும். இது வழக்கமில்லாத இணைப்பு, என்ன ஆகிறதோ பார்க்கலாம் என்று காதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஹலோ, வக்கீல் சார் வீடா?" என்றது பெண்குரல்.

"நான்தான்" என்றார் கணவர்.

அந்தப் பெண் கேட்டார். "நீங்க எப்ப மெட்ராஸ் போனீங்க?"

"நான் எங்க போனேன்? மலையிலதான் இருக்கேன்."

"நான் மெட்ராஸ் கேட்டேன். ஆபரேட்டர், ராங் கனெக்ஷன். செக் பண்ணுங்க."

அந்த 'ஆபரேட்டர்' என்ற ஒரு வார்த்தையில் எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. கனமான, அவசரப்படாத குரல். ஒரு வருடமாகத் தினமும் காதுக்குள் கேட்ட குரல்.

"ராங் இல்லீங்க. உங்க வீட்டுக்காரர்தான். பேசுங்க" என்றேன்.

பேசினார்கள். முதலில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். பிறகு கணவர், கூட வந்த தன் அப்பா பத்திரமாக இருக்கிறாரா என்று கேட்டார். அப்பா உங்களோடுதானே இருந்தார் என்றார் மனைவி. மனைவியோடு போயிருப்பார் என்று கணவரும், கணவரோடு இருப்பார் என்று மனைவியும் நினைத்துக்கொண்டு மத்தியானம் வரை ஓட்டியிருக்கிறார்கள். கடைசியில், கணவர் மலையில் ஒருமுறை தேடிவிட்டு பஸ் பிடித்துக் கீழே வருவது, மனைவி ஹாலை விட்டு நகராமல் இருப்பது என்று முடிவானது. அதை அந்தப் பெண்தான் முடிவு செய்தார். மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்.

என் டீ இடைவேளைக்கு இன்னும் நேரமிருந்தது. சூபர்வைசரிடம் விஷயத்தைச் சொன்னதும் இப்போதே போய் வா என்று கையசைத்தார். படியிறங்கி ஹாலுக்கு ஓடினேன். உயரமாக, பருமனாக, பெரிய கொண்டையோடு யாருமில்லை. கவுன்டரில் கேட்டேன். சுவரோரம் பெஞ்சைக் காட்டினார்கள். என் தோளுக்குத்தான் வருவார், ஒல்லியான பெண். ஈரப்புடவை. கொண்டைக்கு வழியே இல்லை. வேண்டுதலை முடித்து மொட்டை போட்டு, தலை முழுக்கச் சந்தனம் பூசியிருந்தார்.

"நீங்க மெட்ராஸா?" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதான் திருப்பதியா?"

ஹாலில் நின்றவர்களுக்கு நாங்கள் ஏன் அப்படிச் சிரித்தோம் என்று புரிந்திருக்காது. ஐம்பது வயசுப் பொம்பள என்று நினைத்தேன், இப்படிச் சின்னப் பெண்ணாக இருக்கிறாயே என்றார். நான் என்ன நினைத்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. இலாகா ஆள் என்று கவுன்டரில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருப்போமே, ஏன் இத்தனை நேரம் வரிசையில் நின்றீர்கள் என்று கேட்டேன்.

"சொன்னா லைன் வந்துடுமா? இல்லாத லைன நீ எங்கேர்ந்து குடுப்பே? எனக்குத் தெரியாதா."

பேசிக்கொண்டே இருந்தாலும் கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. மாமனார் ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர். உடம்பு திடம், பொறுமைதான் கிடையாது. எதிர்வீட்டுப் போன் ஏற்பாடே அவர் செய்ததுதானாம். "எங்க இருந்தாலும் அவரு அந்த நம்பரத்தான் கேப்பாரு. வேற யார் பேச்சையும் கேக்க மாட்டாரு" என்றார்.

அது எனக்குப் போதும். மேலே வந்து மற்ற இரண்டு ஆபரேட்டர்களிடமும் நம்பரைச் சொன்னேன். மலை ஆபரேட்டரிடமும், பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷனில் பொதுமக்கள் போன் பேசும் கால் ஆபீஸ்களிலும் சொல்லி வைத்தேன். யார் இந்த நம்பரைக் கேட்டாலும் ஆளை விடாமல் உட்கார வையுங்கள் என்றேன். ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டு வந்து ஸ்டேஷனைக் கூப்பிட்டபோது அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. உட்கார வைப்பதா, அவர் வந்ததிலிருந்து எங்களைத்தான் நிற்க வைத்திருக்கிறார் என்றார்கள்.

பெரியவருக்குத் தெரிந்த இடம் ஸ்டேஷன்தான். மலையில் மகனையும் மருமகளையும் காணவில்லை என்றதும் முதல் பஸ்ஸில் இறங்கி நேராக அங்கே போயிருக்கிறார். ஸ்டேஷன்காரர்களோடு உட்கார்ந்து காபி குடித்திருக்கிறார். எங்களுக்கு வர வேண்டிய அவருடைய டிக்கெட், ஸ்டேஷன் கால் ஆபீஸில் குவிந்த கும்பலில் அப்போதுதான் மேலே வந்திருந்தது. அவரை லைனில் வாங்கினேன். நான் வாய் திறப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"ஒரு மெட்ராஸ் கால் குடுக்க இத்தன நேரமா? என்ன எக்ஸ்சேஞ்ச் நடத்துறீங்க? என் மருமகளும் இந்த டிபார்ட்மெண்ட்லதான் இருக்கா. அவ மட்டும் அந்த சீட்ல இருந்திருந்தா இந்நேரம் நாலு கால் போட்டிருப்பா."

"இருங்க சார், குடுக்குறேன்" என்று மருமகளை மறுபடியும் பூத்துக்குள் கூப்பிடச் சொல்லி இணைத்தேன்.

"மாமா, நான்தான்" என்றார் மருமகள்.

"பாத்தியா, நீ வந்ததும் உடனே கெடைச்சுடுச்சு" என்றார் பெரியவர். அவள் எங்கிருந்து பேசுகிறாள் என்று அவர் கேட்கவே இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சூபர்வைசர் சோம்பை நீட்டினார்.

அன்று அதோடு நிற்கவில்லை. சூபர்வைசருக்கு ஒரு யோசனை வந்தது. கவுன்டரில் இருந்தவரை வரிசையில் போய்க் கேட்கச் சொன்னார். இங்கே தவறிப்போன ஆளைத் தேடித்தான் ஊருக்குப் போன் கேட்கிறீர்களா என்று. ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். நாங்கள் யாருமே நினைத்துப் பார்க்காத அளவுக்கு இருந்தார்கள். அவர்களுடைய நம்பர்களை எல்லாம் மலை ஆபரேட்டருக்கும் மற்ற கால் ஆபீஸ்களுக்கும் படித்துக் காட்டி, அங்கே வந்த டிக்கெட்டுகளோடு ஒத்துப் பார்த்தோம். சில ஜோடிகள் சேர்ந்தன. சேர்ந்தவர்களை மெட்ராஸ் போகாமல் இங்கேயே பேச வைத்தோம். சேராதவர்கள் வரிசையிலேயே நின்றார்கள். மழை விட்டு, போன சேனல்களில் ஒன்று சாயங்காலம் திரும்பி வந்தபோது வரிசை வாசலுக்குள் வந்திருந்தது.

கணவர் மலையிலிருந்தும் பெரியவர் ஸ்டேஷனிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள். மூன்று பேரும் ரயிலுக்குக் கிளம்பும்போது அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அடுத்த வாரம் டியூட்டிக்குத் திரும்பிவிடுவேன் என்றார். நான் சிரித்துக்கொண்டு, அப்போ மறுபடியும் சண்டைதானா என்றேன்.

"சண்டை போட நேரமில்ல. ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. கடைசியா யார் எடுத்தாங்களோ, அடுத்தது மத்தவங்களுக்கு. சரியா?"

சரி என்றேன். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். நானும்தான். லைனைப் பிடிக்க இரண்டு பேரும் போட்டி போட்ட நேரத்தில் எத்தனை லைன் சும்மா கிடந்திருக்கிறது என்பது அப்புறம்தான் எங்களுக்கே தெரிந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பிடித்து, நீ விடு நான் விடு என்று கத்திக்கொண்டிருந்த நேரமெல்லாம் யாரோ இரண்டு பேர் பேசியிருக்க வேண்டிய நேரம்.

திரும்பி டியூட்டிக்கு வந்த அன்று அவர் சொன்ன முதல் செய்தி எதிர்வீட்டு வக்கீலைப் பற்றியது. பெரியவர் சொல்லிவிட்டுப் போனபடி அந்த மனிதர் அன்று கோர்ட்டுக்குப் போகாமல், குளிக்கக்கூட எழுந்திருக்காமல் நாள் முழுக்கப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். போன் மணி ஒருமுறைகூட அடிக்கவில்லையாம். உங்கள் குடும்பத்தில் யாருமே தொலையவில்லையா என்று ஏமாற்றமாகக் கேட்டாராம்.

எங்கள் சிநேகிதம் அப்படி இடைவெளிகளில்தான் வளர்ந்தது. ஒரு கால் முடிந்து அடுத்தது எடுப்பதற்குள் ஒரு வாக்கியம் சொல்லலாம். மத்தியான வேளையில் லைன்கள் ஓய்ந்தால் இரண்டு மூன்று வாக்கியங்கள். அவருக்கு முடி வளர்வதை அப்படித்தான் தவணை தவணையாகத் தெரிந்துகொண்டேன். காதுவரை வந்துவிட்டது, கழுத்துக்கு வந்துவிட்டது, ஒரு கிளிப் போடலாம் போலிருக்கிறது என்று. எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதையும் நான் இப்படித்தான் அவருக்குச் சொன்னேன். பையன் எந்த ஊர் என்று அவர் கேட்பதற்குள் விளக்கு எரிந்துவிட்டது. பதிலை மறுநாள்தான் சொல்ல முடிந்தது.

அடுத்த வருடம் சேனல்கள் கூட்டினார்கள். கூடவே கூட்டமும் கூடியது. ஆனாலும் அந்தத் திருவிழா எங்களுக்குச் சுமையாகத் தெரியவில்லை. கால் ஆபீஸ்கள் எல்லாம் காலையிலேயே நம்பர்களை ஒத்துப் பார்க்க ஆரம்பித்திருந்தன.

திருவிழா முடிந்த மாதம் லீவு போட்டு மெட்ராஸ் போனேன். அவர் என்னைத் தன் எக்ஸ்சேஞ்சுக்குக் கூட்டிப் போனார். பெரிய ஹால், கண்ணுக்கு எட்டும் தூரம் வரை பெண்கள், ஒவ்வொருத்திக்கும் முன்னால் எங்கள் பலகையைப்போல ஒன்று. எல்லோரும் ஒரே நேரத்தில் ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மதுரை, நெல்லூர், வேலூர், குண்டூர். திருப்பதி என்பது வரிசையின் ஒரு மூலையில் கொஞ்சம் இடம், அவ்வளவுதான். அவருக்கு முன்னால் இருந்த டிக்கெட் கட்டைப் பார்த்தேன். நாங்கள் திருவிழாவில் பார்ப்பதை அவர் வாராவாரம் பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார் என்று ஹெட்போனை என் தலையில் மாட்டினார். அவருடைய சூபர்வைசர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். விளக்கு எரிந்தது. என் அறைத்தோழி, திருப்பதியிலிருந்து, ஒரு லைன் உடனே வேண்டும் என்றாள்.

"காத்துக்கினு இருங்க, திருப்பதி" என்றேன்.

குரலைக் கண்டுபிடித்துவிட்டாள். தெலுங்கில் அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மாலையில் அவர் வீட்டில் பெரியவர் எனக்குக் காபி கொடுத்து, அன்று ஸ்டேஷனில் தான் எப்படி எல்லோரையும் கண்டுபிடித்தேன் என்று முழுக் கதையையும் சொன்னார். அதில் நான் வரவே இல்லை. மருமகள் கண்ணைக் காட்டினார். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

மறுவருடம் சித்தூரில் எங்கள் சபையில் எனக்குக் கல்யாணம் நடந்தபோது மூன்று பேரும் வந்திருந்தார்கள். அவர் முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எல்லாப் பாட்டுக்கும் வாயசைத்தார். நைனாவுக்கு அவரை அறிமுகப்படுத்தி, இவங்கதான் மெட்ராஸ் என்றேன். நைனா கும்பிட்டுவிட்டு, மெட்ராஸு எவ்ளோ பெரிசுன்னு நெனச்சுக்கினு இருந்தேன் என்றார். அதற்கு அவர் சிரித்த சிரிப்பில், பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.